எம்.சி.ஆர். செருப்பு: மரத்த காலை வெச்சுக்கிட்டு எப்படி மார்க் போடுறது?

செருப்புக்கு விமர்சனம் எழுதுறவங்க எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடுறாங்க. "போட்டதே தெரியல", "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு", அஞ்சு நட்சத்திரம். எனக்கு எதைப் போட்டாலும் போட்டது தெரியாது. உள்ள ஒரு கூழாங்கல்லைப் போட்டுக் கொடுத்தாலும் சாயந்தரம் வரைக்கும் நடந்துட்டு வருவேன். சர்க்கரை வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு, ரெண்டு பாதத்துலயும் உணர்ச்சி முக்கால்வாசி போயிருச்சு. அதனால இதுல "சுகமா இருக்கு"ங்கிற பேச்சே வராது. கண்ணால பார்த்தது, கையால தடவினது, வீட்டுக்காரி டார்ச் அடிச்சுப் பார்த்துச் சொன்னது. அதை வெச்சுத்தான் எழுதுறேன்.

நான் வேலை பார்க்கிறது மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில, காட்டன் சேலை செக்‌ஷன். காலைல நின்னா ராத்திரி ஷட்டர் இறக்குற வரைக்கும் நிக்கிற பொழப்பு. துணியை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சுத் தேய்ச்சாப் போதும், 80-ம் நம்பர் நூலா 100-ம் நம்பர் நூலான்னு சொல்லிருவேன். கை அப்படி. கால் இப்படி.

மரத்துப்போச்சுன்னு நானாச் சொல்லல, டெஸ்ட் பண்ணிச் சொன்னாங்க. கண்ணை மூடிக்கச் சொல்லிட்டு நைலான் இழை ஒண்ணைப் பாதத்துல அங்கங்கே குத்திப் பார்ப்பாங்க. 10 கிராம் அழுத்தம் வந்ததும் அந்த இழை வளைஞ்சிரும், அந்த அழுத்தம் காலுக்குத் தெரியுதாங்கிறதுதான் பரீட்சை. தெரிஞ்சா "ஆமா" சொல்லணும். எப்ப ஆரம்பிப்பாங்கன்னு நான் கண்ணை மூடிக் காத்துட்டு இருக்கேன், அந்த நர்ஸம்மா இடது கால் முழுசையும் முடிச்சிட்டாங்க. அடுத்து பயோதீசியோமீட்டர்னு ஒரு மெஷின். அதிர்ற முனையைக் கட்டைவிரல்ல வெச்சு, வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க. 25 வோல்ட்டுக்கு மேலே போயும் அதிர்வு தெரியலைன்னா பாதத்துல புண் வர்ற ஆபத்து அதிகம்னு கணக்கு. எனக்கு 35 தாண்டிருச்சு. டாக்டர் சீட்டுல இன்சுலின், மெட்ஃபார்மின் எல்லாம் எழுதி, அதுக்குக் கீழே "எம்.சி.ஆர். செருப்பு"ன்னு எழுதினார். மருந்துச் சீட்டுல செருப்பைப் பார்த்தது அன்னைக்குத்தான்.

எம்.சி.ஆர்.னா மைக்ரோ செல்லுலர் ரப்பர். உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத காத்து அறைகள் நிறைஞ்ச ரப்பர். நாம நடக்கும்போது உடம்போட பாரம் பாதம் முழுக்கச் சமமா விழறதில்ல. குதிகால், விரல்களுக்குக் கீழே இருக்கிற மேடு, கட்டைவிரல் நுனின்னு சில இடத்துலதான் போய் விழும். உணர்ச்சி இருக்கிறவன் வலிச்சா தானாவே பாரத்தை மாத்தி வெப்பான். நமக்கு வலிக்காது, அதே இடத்துல நாள் முழுக்க மிதிப்போம். முதல்ல தோல் தடிக்கும், தடிச்ச தோலுக்கு அடியில ரத்தம் கட்டும், பிறகு புண். இந்த ரப்பர் அந்தப் பாரத்தைப் பக்கத்து இடங்களுக்கும் பிரிச்சு விடுது.

இது தொழுநோயாளிகளுக்காக நம்ம வேலூர்லயும் பக்கத்துக் கரிகிரியிலயும் வளர்ந்த வைத்தியம். 1914-ல கொல்லிமலையில பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர். தொழுநோயில கை கால் தானா அழுகி விழுதுன்னு ஊரே நினைச்சுக்கிட்டு இருந்த காலத்துல, அழுகல, வலி தெரியாததால பட்ட காயம்தான் விரலைத் தின்னுதுன்னு காட்டினவர். எங்க காலுக்கும் அதே நியாயம்தான். ஆனா இதுல ஒரு சங்கடமும் சேர்ந்து வருது. எங்க மாமியார் இந்தச் செருப்பை வாசல்ல பார்த்ததும் முகம் மாறிப்போச்சு. "என்ன மாப்பிள்ளை, ஆஸ்பத்திரில அந்த வியாதிக்காரங்களுக்குக் கொடுக்கிற செருப்புல்ல இது?" அவங்க காலத்து ஞாபகம் அப்படி. கறுப்புப் பட்டை, தடிச்ச அடி, பார்த்தவுடனே ஆஸ்பத்திரிச் செருப்புன்னு தெரியுறது உண்மைதான். இப்ப பிரவுன்லயும் வருது, பட்டையில தையல் போட்டுக் கொஞ்சம் பார்வையாவும் வருது. கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டுப் போயிருக்கேன், யாரும் கேக்கல.

நான் வாங்கினது பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போற தூரத்துல ஒரு சந்துக்குள்ள. கடை பேரை எழுதல, ஏன்னா உள்ள ரெண்டு ஸ்டூல்தான், கூட்டம் சேர்ந்துட்டா அந்த மனுஷனுக்கு அளவெடுக்க நேரம் இருக்காது. அந்த அளவெடுக்கிற நேரத்துக்குத்தான் நான் காசு கொடுக்கிறதா நினைக்கிறேன்.

மத்தியானம் போனப்ப, "அண்ணே, சாயந்தரமா வாங்க, கால் வீங்கின பிறகு எடுத்தாத்தான் சரியா இருக்கும்"னு திருப்பி அனுப்பிட்டார். வியாபாரத்துல நிக்கிற எனக்கு அது பெரிய விஷயம். வந்த கஸ்டமரை எந்தக் கடைக்காரன் திருப்பி அனுப்புவான்? சாயந்தரம் போனதும் கீழ ஒரு வெள்ளைத்தாளைப் போட்டு அதுமேல எழுந்து நிக்கச் சொன்னார். உக்காந்துக்கிட்டு அளவு கொடுத்தா பாதம் விரியாது, நின்னாத்தான் விரியும். பென்சிலைச் செங்குத்தாப் பிடிச்சு ரெண்டு காலையும் வரைஞ்சார். என் ரெண்டு காலும் ஒரே அளவு இல்லைன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது, இடது கொஞ்சம் அகலம். வரைஞ்ச தாளைக் கத்தரியால வெட்டி, செருப்புக்குள்ள வெச்சார். ஓரம் மடங்கினா செருப்பு சின்னது. தாள் தட்டையா உக்காந்து, நீள விரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தாத்தான் அந்த ஜோடியைக் காலுக்கே கொண்டு வந்தார். நான் நம்பர் 8 போடுற ஆளுன்னு சொன்னதை அவர் காதுலயே வாங்கல. எனக்குக் கொடுத்தது 9.

அந்தத் தாள் வெட்டை நான் வீட்டுக்கு வாங்கிட்டு வந்துட்டேன். உங்க ஊர்ல இந்த மாதிரி கடை இல்லைன்னா நீங்களே வீட்டுல வெட்டி எடுத்துக்கிட்டுப் போங்க. இறுக்கமா இருக்கான்னு காலைக் கேட்டா மரத்த கால் "நல்லா பிடிச்சு இருக்கு"ன்னுதான் சொல்லும். உணர்ச்சி குறைஞ்சவங்க பல பேர் ஒரு சைஸ் சின்னதாப் போட்டுத் திரியறதுக்குக் காரணமே அதுதான், இறுக்கினாத்தான் கால்ல ஏதோ இருக்குன்னு தெரியுது.

சரி, பொருளுக்கு வர்றேன். மேல் ரப்பர் 10 மி.மீ. கனம். கடைக்காரர் சொல்லிக் கொடுத்த சோதனை: ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு நசுக்கினா ஏறக்குறையப் பாதிக்கு அமுங்கணும், விட்டதும் எழும்பணும். ரப்பர்காரங்க கெட்டித்தனத்தை ஷோர்னு ஒரு அளவால சொல்வாங்க, அந்த பாஷையில இது ஷோர் 15 வாக்குல இருக்கணும். அதுக்குக் கீழே கெட்டியான இன்னொரு அடி, அது முள்ளு, கல்லு உள்ள வராம இருக்க. மேலே மெத்து, கீழே கெட்டி. ரெண்டுமே மெத்துன்னா வாங்காதீங்க.

ஏன்னா அப்படி ஒண்ணை என் மகள் ஆன்லைன்ல ஆர்டர் பண்ணியிருந்தா. எந்தக் கம்பெனின்னு எழுதல. பெட்டி மேல பெருசா "டயபடிக்"னு அச்சு, விலை 1,299. மெத்துன்னா அப்படி ஒரு மெத்து, விரலை வெச்சு அழுத்தினா அடி வரைக்கும் போயிருச்சு, எழும்பி வர மனசே இல்லை. அப்படி அமுங்கிட்டா அதுக்கப்புறம் எலும்புக்கும் தரைக்கும் நடுவுல என்ன இருக்கு? போதாக்குறைக்கு விரலிடுக்குல மாட்டுற வார். சர்க்கரைக்காரங்களுக்கு ஆகவே ஆகாத சங்கதி அது. அந்த வார் கட்டைவிரல் இடுக்கை அறுக்கும், செருப்பு கழண்டு போகாம இருக்க விரலை மடக்கி மடக்கிப் பிடிச்சே நடக்கணும். நரம்பு போன கால்ல விரல் ஏற்கனவே மடங்கிக்கிட்டுத்தான் வருது. கீழ வந்த விமர்சனம் முழுக்க "அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு". அம்மாவுக்குக் கால் மரத்திருக்கான்னு ஒருத்தரும் எழுதல. திருப்பி அனுப்பிட்டோம், காசு வந்துருச்சு, அதுல குறை இல்லை.

எம்.சி.ஆர். செருப்புல நான் முதல் மார்க் கொடுக்கிறது ரப்பருக்குக் கிடையாது, குதிகாலுக்குப் பின்னால வர்ற பட்டைக்குத்தான். அந்தப் பட்டை இருக்கிறதால கால் முன்னும் பின்னும் வழுக்காது. வழுக்கலைன்னா உராய்வு இல்லை. இன்னொண்ணு, சாதாச் செருப்பு என் கால்லேருந்து கழண்டு போனதே தெரியாம நாலு கடை தள்ளி வெறும் கால்ல நடந்திருக்கேன். "அண்ணே, செருப்பை விட்டுட்டுப் போறீங்க"ன்னு பூக்காரம்மாதான் கூப்பிட்டுச் சொல்லும். பின்பட்டை வந்த பிறகு அந்தப் பேச்சே இல்லை. பின்பட்டை இல்லாத எம்.சி.ஆர். செருப்பும் கடையில தொங்கும், நூறு இருநூறு ரூபாய் குறைவா இருக்கும். அந்த நூறு ரூபாயை மிச்சம் பிடிக்காதீங்க.

ரெண்டாவது, ஆணி கிடையாது. முழுக்கப் பசையும் தையலும்தான். இதை நான் நம்பிட்டு விடல. எங்க ஜவுளிக்கடையில குண்டூசி எடுக்க வெச்சிருக்கிற காந்தத்தைக் கொண்டுபோய் செருப்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஒட்டல. கடைக்காரர் சிரிச்சார், ஆனா கோபப்படல. ஜவுளிக்கடைக்காரனுக்குக் குண்டூசி பயம் எப்பவுமே உண்டு. சேலை மடிப்புல குத்தின ஊசி பிரிக்கும்போது தெறிச்சுத் தரையில கிடக்கும். தினமும் ராத்திரி செருப்பைக் கவுத்துப் போட்டு அடியைப் பார்ப்பேன். ஊசி குத்தி நின்ன நாள் உண்டு. கெட்டி அடிக்குள்ள பாதி தூரம் போயிருக்கும், மேல வந்திருக்காது. அந்த ஒரு காட்சிக்கே கொடுத்த 950 ரூபாய் தகும்.

புதுச் செருப்பை நேரா நாள் முழுக்கப் போடக் கூடாது. முதல் நாள் வீட்டுக்குள்ள அரை மணி நேரம். கழட்டினதும் பாதத்தைப் பார்க்கணும், எங்கேயாவது அழுத்தின தடம் இருந்து அரை மணி நேரம் கழிச்சும் மறையலைன்னா அந்தச் செருப்பு அந்தக் காலுக்கு ஆகாது. புத்தகத்துல எல்லாம் "சிவந்திருந்தால்"னு எழுதியிருப்பாங்க. நம்ம நிறத்துக்குச் சிவப்பு அவ்வளவு லேசாத் தெரியாது, கொஞ்சம் கறுத்த மாதிரிதான் தெரியும். அதனால புறங்கையை வெச்சுப் பாருங்க, ஒரு கால்ல ஒரு இடம் மட்டும் மத்தக் காலோட அதே இடத்தைவிடச் சூடா இருந்தா விவகாரம். எங்க வீட்டுல இந்த டிப்பார்ட்மென்ட் வீட்டுக்காரி கையில இருக்கு. "என்னங்க, காலைத் தூக்குங்க"ன்னு தினமும் செக்கிங். அவ ஊருக்குப் போனா முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில சாய்ச்சு வெச்சு நானே அடிப்பாதத்தைப் பார்த்துக்குவேன்.

எங்க கடையில மெத்தை விரிச்ச இடத்துல செருப்போட ஏறக் கூடாது, அது லட்சுமி உக்காருற இடம்னு பழைய பழக்கம். முதலாளிகிட்ட டாக்டர் சீட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "கடைக்குள்ள மட்டும் போடுறதுக்குன்னு தனி ஜோடி வெச்சுக்கங்க, வெளிச் செருப்பு வேண்டாம்"னார். இப்ப என்கிட்ட ரெண்டு ஜோடி. செலவு ரெட்டிப்புதான், ஆனா வீட்டுக்குள்ளயும் சர்க்கரைக்காரன் வெறும் கால்ல நடக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவங்களுக்கு இது எப்படியும் வர்ற செலவு. கட்டில் காலும் நிலைப்படியும்தான் சுண்டுவிரலுக்கு முதல் எதிரி.

கோயிலுக்கு மட்டும் இந்தச் செருப்பால ஒண்ணும் பண்ண முடியாது, வாசல்லயே விட்டுட்டுத்தான் போகணும். சித்திரை வெயில்ல மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதிக் கல்லு மத்தவங்களைத் துள்ளி ஓட வைக்கும். எங்களைத் துள்ள வைக்காது, நிதானமாப் பிரதட்சிணம் வருவோம், வீட்டுக்கு வந்து பார்த்தா கொப்புளம். காலைல நடை திறக்கிற நேரத்துக்குப் போயிருங்க, கல்லு குளிர்ந்திருக்கும். எங்க தெருக் கோயில்ல தடிச்ச காட்டன் சாக்ஸ் போட்டுக்கிட்டுப் போறேன், குருக்கள் ஒண்ணும் சொல்றதில்ல.

குறைகளைச் சொல்லணும்னா முதல்ல பட்டையை ஒட்டுற வெல்க்ரோ. நூலும் பஞ்சும் பறக்குற கடையில அது மூணே மாசத்துல அடைச்சுப்போயிருது. பழைய டூத் பிரஷ்ஷால சுரண்டி எடுக்கணும். பிடி விட்டுப்போனா பட்டை தொளதொளன்னு ஆகி, பின்பட்டை இருந்தும் இல்லாத மாதிரி. அப்புறம் வெல்க்ரோவோட முரட்டுப் பக்கம் ஓரத்துல நீட்டிக்கிட்டு இருந்தா காலைச் சுரண்டும், வாங்கும்போதே உள்பக்கம் முழுக்க விரலை ஓட்டிப் பாருங்க.

மழையில நனைஞ்சா காய ரெண்டு நாள் ஆகுது. வெயில்ல காயப்போடாதீங்க, ரப்பர் இறுகிப்போகுது. ஈரத்தோட போட்டா விரலிடுக்குல புண்ணு வரும், அது நமக்கு வேண்டவே வேண்டாம். நாத்தம் வருதுன்னு சிலர் சொல்றாங்க. எனக்குப் பாதம் வியர்க்கிறதே கம்மி. அதுவும் நரம்பு கெட்டதோட வேலைதான், வியர்வை இல்லாம தோல் வறண்டு குதிகால் வெடிக்குது. வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் போடுறவங்க ராத்திரி படுக்கப் போறப்பப் போடுங்க, விரலிடுக்குல வேண்டாம். எண்ணெய்க் காலோட செருப்பு போட்டா ரப்பரும் கெடும், ஆளும் வழுக்கி விழுவோம்.

பொம்பளைங்களுக்கு மாடல் ரொம்பக் கம்மி. எங்க தெருவுல ஒரு அக்கா, எனக்கும் கால் எரிச்சல் இருக்கு, ஆனா பட்டுப்புடவைக்கு இதை எப்படிப் போடுறதுன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். செய்யுற ஆளுங்க யோசிக்கணும்.

உழைப்புன்னு பார்த்தா, நாள் முழுக்க நிக்கிற எனக்கு எட்டு ஒன்பது மாசம். மேல் பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும், தூக்கிப்போட மனசு வராது. ஆனா கட்டைவிரல் மேடு படுற இடத்துல நசுக்கிப் பார்த்தா அமுங்காது, இல்லைன்னா அமுங்கினது எழும்பாது. அப்ப மாத்தணும். பழசை வீட்டு உபயோகத்துக்குன்னு வெச்சுக்கிறதும் தப்பு, செத்த ரப்பர் எங்கே போட்டாலும் செத்த ரப்பர்தான்.

யார் இதை வாங்கக் கூடாதுன்னும் சொல்லிடுறேன். இப்பப் புண் இருக்கிறவங்க, விரல் எடுத்தவங்க, பாதத்தோட வளைவு இறங்கி உருவமே மாறினவங்க இந்த ரெடிமேடுக்குப் போகாதீங்க. புண் இருக்கிறவங்க முதல்ல டாக்டர்கிட்ட காட்டணும், மத்தவங்களுக்குப் பாதத்தை அச்செடுத்து உள்தட்டு செய்யணும். எங்க ஊர்ல அதுக்கு 2,400-லிருந்து கேக்குறாங்க, பெரிய சர்க்கரை ஆஸ்பத்திரிகள்ல அவங்களே ஆள் வெச்சுச் செய்யுறாங்க. நடந்தா கெண்டைக்கால் பிடிச்சு, நின்னா விடுதுன்னு இருக்கிறவங்க முதல்ல ரத்த ஓட்டம் பார்க்கணும். கணுக்கால்ல எடுக்கிற பிரஷரைக் கையில எடுக்கிற பிரஷரால வகுத்து 0.9-க்குக் கீழே வந்தா குழாய் அடைப்புன்னு சந்தேகப்படுவாங்க. ரத்தம் போகாத காலுக்கு எந்தச் செருப்பாலயும் ஒண்ணும் ஆகாது.

மார்க்: ரப்பருக்கு 8, பின்பட்டைக்கு 10, வெல்க்ரோவுக்கு 4, அழகுக்கு 5, அளவெடுத்த மனுஷனுக்குப் பத்துக்குப் பதினொண்ணு. வெல்க்ரோ போயிருச்சேன்னு புது ஜோடி வாங்க வேண்டாம், ரப்பர் உயிரோட இருந்தா தெருமுனையில செருப்பு தைக்கிறவர்கிட்டயே புது வெல்க்ரோ தைச்சுக்கலாம், என்கிட்ட 60 ரூபாய் வாங்கினார். பக்கத்துலயே நின்னு, தையல் மட்டும் போடச் சொல்லுங்க. கை மறந்தாப்ல ஒரு சின்ன ஆணியை அடிச்சிருவாங்க.